இரண்டு மூலை போதும்

ஒரு வளவை நினைத்துக்கொள்ளுங்கள். நாற்சதுரமான வளவு. நாலு பக்கமும் ஆளுயரத்துக்கு மேல் கிடுகு வேலி. வேலியின் வெளிப்புறத்தில் கதியால் துளிர்த்திருக்கிறது. ஊராட்டுக்கு அந்தத் துளிரில் ஒரு கண். நாலு பக்க வேலியையும் இமைப்பொழுதும் விடாமல் காவல் காக்க எத்தனை பேர் வேண்டும்? காவல்காரர் நின்ற இடத்தைவிட்டு நகரக்கூடாது. தலையை மட்டும் திருப்பலாம்.

பக்கத்துக்கு ஒருவர், ஆகவே நாலு பேர் என்றுதான் முதலில் தோன்றும். வேலி ஓரங்களில் ஒளித்துப் பிடித்து விளையாடிய எந்தப் பிள்ளையும் அதைவிட நல்ல விடையைச் சொல்லும். பிடிக்கிற பிள்ளை வேலியின் நடுவில் நிற்காது, மூலையில் போய் நிற்கும். மூலையில் நின்றால் ஒரே இடத்திலிருந்து இரண்டு வேலிகள் நீளமாகத் தெரியும். எனவே எதிரெதிர் மூலைகளில் இருவர் நின்றால் நாலு வேலியும் கண்ணுக்குள் வந்துவிடும்.

இந்தக் கணக்கைக் கல்லில் போட்டுப் பார்த்த இடம் ஒன்று வன்னியின் வடமேற்கு முனையில் இருக்கிறது. அதுதான் பூநகரிக் கோட்டை.

யாழ்ப்பாணத்திலிருந்து ஏ-32 வீதியில் வந்து, கேரதீவில் பரவைக்கடலைத் தாண்டினால் சங்குப்பிட்டி. ஒரு காலத்தில் இங்கே மிதவைப் பாதையில் ஏறித்தான் அக்கரை போகவேண்டும். 2011 ஜனவரியில் திறந்த 288 மீற்றர் நீளப் பாலம் இன்று அந்தப் பயணத்தைச் சில நிமிடங்களாக்கிவிட்டது. பாலம் தாண்டி மொட்டைக்கறுப்பன் நெல் விளையும் வயல்களுக்கு நடுவே தெற்கே போனால் பழைய மதில்களைக் காணலாம். பெரிய கோட்டை என்று எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். ஒரு பக்கம் ஏறக்குறைய 30 மீற்றர்தான். நம்முடைய காணிக் கணக்கில் மூன்றரைப் பரப்பு. ஒரு நடுத்தரக் குடும்பத்தின் வளவு. அந்தச் சதுரத்தின் எதிரெதிரான இரண்டு மூலைகளில் மட்டும் கொத்தளங்கள். மற்ற இரண்டு மூலைகள் வெறுமையானவை.

காசு தீர்ந்துபோய் அரைகுறையாக விட்ட வேலை என்று பலர் நினைக்கக்கூடும். அந்த வெறுமையான மூலைகள்தான் இந்த அத்தியாயத்தின் பொருள். அவற்றைப் புரிந்துகொள்வதற்கு முதலில், கொத்தளத்துக்கு முன்னோடியான கோபுரம் எதற்காகக் கட்டப்படுகிறது என்பதைப் பார்க்கவேண்டும்.

உயரத்தில் நின்றால் தூரம் தெரியும் என்பது எல்லோருக்கும் தெரிந்த பயன். உயரத்தில் நின்றால் கிட்ட இருப்பது தெரியாது என்பது பலர் எண்ணிப் பார்க்காத குறை. இரணைமடுக் குளக்கட்டின் நடுவில் நின்று பாருங்கள். தூரத்து வயல்வரம்பில் நடப்பவர் தெரிவார். கட்டின் அடியில் குந்தியிருப்பவர் தெரியமாட்டார். அவரைப் பார்க்கக் கட்டின் விளிம்புக்கு வந்து எட்டிப் பார்க்கவேண்டும். போரில் எட்டிப் பார்க்கிற தலை சூட்டுக்கு இலக்காகும்.

கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். நிலத்திலிருந்து 5 மீற்றர் உயரத்தில் காவலர் நடக்கும் தளம் இருக்கிறது என்று வைப்போம். அதன் முன்னே 1.2 மீற்றர் உயரமும் 1 மீற்றர் தடிப்பும் உள்ள கைப்பிடிச்சுவர். காவலரின் கண் தளத்திலிருந்து 1.5 மீற்றரில் இருக்கிறது. அவர் சுவரோடு ஒட்டி நின்றாலும், அவருடைய பார்வை சுவரின் வெளிவிளிம்பைத் தொட்டுக்கொண்டுதான் கீழே இறங்கமுடியும். 1 மீற்றர் முன்னே போகையில் 0.3 மீற்றர் கீழே இறங்குகிற பார்வை அது. நிலத்திலிருந்து 6.2 மீற்றர் உயரத்தில் உள்ள விளிம்பிலிருந்து அந்தச் சரிவில் இறங்கினால், மதிலடியிலிருந்து 20 மீற்றருக்கு அப்பால்தான் பார்வை நிலத்தைத் தொடும். அதாவது மதிலை ஒட்டி 20 மீற்றர் அகலத்துக்கு, மதிலின் மேல் நிற்பவருக்கு நிலமே தெரியாது. ஒன்றரை மீற்றர் உயரத்துக்குக் குனிந்து வருகிற ஆள் கடைசிப் 15 மீற்றரைப் பத்திரமாகக் கடந்துவிடலாம். இதைக் குருட்டு நிலம் என்று அழைப்போம். சுவரைத் தடிப்பாக்கினால் பாதுகாப்புக் கூடும், குருட்டு நிலமும் கூடும்.

இந்தக் குருட்டு நிலத்துக்கு மனிதர் கண்ட மருந்துதான் கோபுரம். மதிலின் மேலே நின்று கீழே பார்ப்பதைக் கைவிட்டு, மதிலிலிருந்து வெளியே துருத்திக்கொண்டு நின்று பக்கவாட்டில் பார்ப்பது. துருத்திய கோபுரத்தின் விலாவில் நிற்பவருக்கு மதிலின் முகம், வேலி மூலையில் நிற்கும் பிள்ளைக்கு வேலி தெரிவதுபோல, நீளமாகத் தெரியும். மதிலடியில் ஏணி சாத்துகிறவர் அவருக்கு எதிரே, கைகால் தெரிய நிற்கிறார். நகர மதிலில் கோபுரங்கள் அடுத்தடுத்து நிற்பதன் காரணம் இதுதான். இரண்டு கோபுரங்களுக்கு இடையிலுள்ள தூரம் அம்பு பாயும் தூரத்தை மிஞ்சக்கூடாது என்று கி.மு. முதலாம் நூற்றாண்டில் உரோமக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் எழுதிவைத்தார். கி.பி. 413 அளவில் எழுந்த கொன்ஸ்தாந்திநோபிளின் உள்மதிலில் 96 கோபுரங்கள் இருந்தன. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 55 மீற்றர் அளவில்தான் தூரம். ஆயிரம் ஆண்டு அந்த நகரம் தரைவழி முற்றுகைகளைத் தாங்கியது.

நமது இலக்கியமும் மதிலை நன்றாக அறிந்தது. மதிலைக் காத்து நிற்பதற்கு நொச்சி என்றும் அதை முற்றுகையிடுவதற்கு உழிஞை என்றும் பூவின் பெயரால் இரண்டு திணைகளை வகுத்தவர்கள் நம் முன்னோர். சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் மதுரை மதில்மேல் நின்ற பொறிகளின் பட்டியலே வருகிறது. மதிலில் மறைந்து நின்று எய்யும் இடத்துக்கு ஞாயில் என்று ஒரு தனிச்சொல் இருந்தது. பள்ளிப் பாடத்தில் மனப்பாடமாகக் கடந்துபோன இந்தச் சொற்களுக்குள் எவ்வளவு பட்டறிவு இருக்கிறது என்பது, ஒரு கோட்டையின் அடியில் நின்று மேலே பார்க்கும்போதுதான் உறைக்கும்.

இனி துவக்கின் காலத்துக்கு வருவோம். அக்காலத் துவக்கின் குண்டு வாயிலிருந்து ஏறக்குறைய வினாடிக்கு 400 மீற்றர் வேகத்தில் புறப்படும். 30 மீற்றரைக் கடக்க அதற்கு 0.075 வினாடி போதும். அந்த நேரத்தில் புவியீர்ப்பு அதை 3 சென்ரிமீற்றர்கூடக் கீழே இழுக்காது. குறிபார்ப்பவர் கையைக் கொஞ்சமும் உயர்த்தத் தேவையில்லை. மதிலோரமாகக் குழாயை நீட்டிச் சுட்டால் போதும். 100 மீற்றர் தூரமானால், காற்றின் தடையை விட்டுவிட்டாலும், குண்டு 30 சென்ரிமீற்றர் இறங்கிவிடும். உட்புறம் வழுவழுப்பான குழாயிலிருந்து வருகிற உருண்டைக் குண்டு அந்தத் தூரத்தில் பக்கவாட்டிலும் அலைபாயும். பூநகரியில் ஒரு கொத்தளத்தில் நிற்பவருக்கு அவர் காக்கவேண்டிய மதிலின் கடைசி முனைகூடத் தவறவே முடியாத தூரத்தில் இருந்தது. இவ்வளவு குறுகிய மதிலுக்கு இரண்டு முனையிலும் கொத்தளம் தேவையில்லை. ஒரு முனை போதும்.

இதைக் கணிதம் நிறுவிக் காட்டியது மிகவும் பிந்தித்தான். 1973இல் விக்டர் கிளீ என்ற கணிதவியலாளர் ஒரு கேள்வி கேட்டார்: கோணல்மாணலான ஒரு சித்திரக்கூடத்தின் உட்புறம் முழுவதையும் பார்க்க எத்தனை காவலர் வேண்டும்? வாசெக் ச்வாத்தால் 1975இல் விடை சொன்னார். மூலைகளின் எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்கு எப்போதும் போதும். உட்புறத்தைப் பற்றிய கேள்வி வந்தால் வெளிப்புறத்தைப் பற்றிய கேள்வியும் பின்னாலேயே வரத்தானே செய்யும். ஒரு பல்கோணியின் வெளிப்புறம் முழுவதையும் பார்க்க அதன் எத்தனை மூலைகளில் காவல் வைக்கவேண்டும்? இதற்குக் கணிதத்தில் பெயரே கோட்டைப் புதிர்தான். மூலைகளில் பாதி போதும், ஒற்றை எண்ணாக இருந்தால் அரையை முழுசாக்கிக்கொள்ளவேண்டும் என்று ஜோசப் ஓரூர்க்கும் டெரிக் வூட்டும் நிறுவினார்கள்.

உள்நோக்கி மடியாத எளிய கோட்டைகளுக்கு நிறுவலை நாமே செய்துவிடலாம். ஒரு மதிலின் நடுவில், கல்லோடு ஒட்டி ஓர் எறும்பு ஊர்கிறது. எந்த மூலைகளுக்கு அது தெரியும்? அந்த மதிலின் இரண்டு முனைகளுக்கு மட்டும். மற்ற மூலைகளுக்குக் கோட்டையே மறைக்கும். ஆகவே ஒவ்வொரு மதிலுக்கும் அதன் இரு முனைகளில் ஒன்றிலாவது காவல் இருந்தே ஆகவேண்டும். ஒரு மூலைக் காவலர் இரண்டு மதில்களுக்கு மேல் பார்க்க முடியாது. எத்தனை மூலையோ அத்தனை மதில். எனவே பாதி மூலைகளுக்குக் குறைந்தால் ஏதோ ஒரு மதில் காவலற்றுப் போகும். ஒன்றுவிட்டு ஒன்றாக மூலைகளில் காவல் வைத்தால் எந்த மதிலும் விடுபடாது. சதுரத்துக்கு நாலு மூலை. விடை இரண்டு, அதுவும் எதிரெதிர் மூலைகள். பூநகரியில் கல் வைத்தவர்கள் இந்த நிறுவலை எழுதவில்லை. ஆனால் மிகக்குறைந்த விடையைக் கண்டுபிடித்துக் கட்டியிருக்கிறார்கள்.

இங்கே இன்னொன்றையும் கவனியுங்கள், எனக்கு இந்தக் கோட்டையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். வெறுமையான மூலையில் எதிரி வந்து நிற்கிறார் என்று வையுங்கள். காவலில்லாத மூலை, இலேசாக ஏறிவிடலாம் என்று நினைத்து வருகிறார். அந்த மூலையில் இரண்டு மதில்கள் சந்திக்கின்றன. ஒரு மதிலோரமாக ஒரு கொத்தளத்துச் சூடு வரும் என்றால், மற்ற மதிலோரமாக மற்றக் கொத்தளத்துச் சூடு வரும். கோட்டையைச் சுற்றி இரண்டு கொத்தளங்களுக்கும் ஒருசேரத் தெரிகிற நிலம் அந்த வெறும் மூலைகளின் முன்னால்தான் இருக்கிறது. கொத்தளம் இல்லாத மூலைதான் அதிகம் காக்கப்பட்ட மூலை.

அப்படியானால் எங்கே பலவீனம்? கொத்தளத்தின் முகத்தில். ஒரு கொத்தளத்தின் முன்னால், மூலைக்கு நேர் வெளியே நிற்பவரை எதிர்மூலைக் கொத்தளம் பார்க்க முடியாது. இடையில் முழுக் கோட்டையும் நிற்கிறது. அந்தக் கொத்தளமே அவரைப் பார்க்கவேண்டுமானால் தன் கைப்பிடிச்சுவருக்கு மேலால் குனிந்து பார்க்கவேண்டும். நாம் தொடக்கத்தில் போட்ட குருட்டு நிலக் கணக்கு மறுபடியும் அப்படியே வந்துவிடுகிறது. மதிலைப் பார்ப்பதற்காக வெளியே வந்த உறுப்பை யார் பார்ப்பது?

ஐரோப்பாவின் பொறியியலாளர்களை 15ஆம் நூற்றாண்டின் முடிவிலிருந்து வாட்டிய கேள்வி இது. 1453 மே 29இல், உர்பான் என்பவர் வார்த்துக்கொடுத்த பெரும்பீரங்கி உட்பட ஒட்டோமன் பீரங்கிகள் பல வாரங்கள் இடித்த பிறகு, கொன்ஸ்தாந்திநோபிள் வீழ்ந்தது. உயரமான மதில் பீரங்கிக்கு நல்ல இலக்கு என்று உலகம் தெரிந்துகொண்டது. மதில்கள் தாழ்ந்தன, தடித்தன. கோபுரமும் மதிலளவுக்குத் தாழ்ந்து, மேலே பீரங்கி வைக்கும் அகலமான மேடையாயிற்று. அதுதான் கொத்தளம். ஆனால் வட்டமான கோபுரத்தின் முன்னே, அடுத்த கோபுரங்களிலிருந்து வருகிற பார்வைக்கோடுகள் தொடாத ஆப்பு வடிவமான ஒரு துண்டு நிலம் எஞ்சும். காகிதத்தில் ஒரு வட்டம் வரைந்து, இரண்டு பக்கத்திலிருந்தும் அதைத் தொட்டுப்போகிற கோடுகளை இழுத்துப் பாருங்கள். கோடுகள் சந்திக்கும் புள்ளிக்கும் வட்டத்துக்கும் நடுவே அந்த ஆப்பு தெரியும். இத்தாலியர் கண்ட தீர்வு எளிமையானது: பார்வை படாத அந்த ஆப்பையே கல்லாலும் மண்ணாலும் நிரப்பிவிட்டார்கள். வட்டக் கோபுரம் அம்புமுனை போலக் கூரானது. உலகமெங்கும் கோட்டைகளின் படங்களில் நாம் பார்க்கிற நட்சத்திர வடிவம் அழகுக்காக வந்ததன்று. பார்வைக்கோடுகளின் மேலேயே கல்லை அடுக்கியதால் வந்த வடிவம்.

ஆனால் கூரான கொத்தளத்தின் முகத்தைக் காக்க அடுத்த மூலையிலும் ஒரு கொத்தளம் வேண்டும். ஆகவே பாதி மூலை என்ற சிக்கனம் அங்கே செல்லாது. யாழ்ப்பாணத்தில் 1658இல் போர்த்துக்கேயரை வென்ற ஒல்லாந்தர், 1680 முதல் அங்கே ஐங்கோணக் கோட்டை கட்டினார்கள். பார்ப்பதற்கு மட்டுமென்றால் ஐங்கோணத்துக்கு மூன்று மூலை போதும். அவர்கள் ஐந்திலும் கொத்தளம் வைத்து ஹொலண்ட், சீலண்ட், கெல்டர்லண்ட், உட்ரெக்ட், ஃபிரீஸ்லண்ட் என்று தங்கள் நாட்டு மாகாணங்களின் பெயர்களைச் சூட்டினார்கள். மன்னாரில் நாலு மூலைக்கும் நாலு கொத்தளம். பூநகரியில் இரண்டு.

இந்த வேறுபாடு யாரைப் பார்த்து யார் பயந்தார்கள் என்பதைச் சொல்கிறது. யாழ்ப்பாணமும் மன்னாரும் கப்பலில் பீரங்கியோடு வரக்கூடிய இன்னொரு ஐரோப்பியனை எதிர்பார்த்துக் கட்டியவை. பூநகரி, பரவைக்கடலின் துறையைக் காக்க நின்றது. போர்த்துக்கேயர் கட்டியதை 1770இல் ஒல்லாந்தர் பெருப்பித்துக் காவற்படை வைத்தார்கள். அந்தக் கோட்டையின் முதுகுக்குப் பின்னால் இருந்தது வன்னி: பனங்காமத்திலும் முள்ளியவளையிலும் கரிக்கட்டுமூலையிலும் ஆண்ட வன்னியர்கள், அவர்கள் திறையாகக் கொடுக்கவேண்டியிருந்த யானைகள், கொடுக்க மறுத்த ஆண்டுகள். மதிலை இடிக்கும் கனத்த பீரங்கியைக் காட்டுவழியே இழுத்துவருகிற எதிரி இங்கே இல்லை என்று கோட்டைக்காரர் கணக்குப் போட்டார்கள். கொத்தளத்தின் முகம் குருடாக இருந்தாலும் அதை உடைக்க ஆளில்லை என்றால் இரண்டு கொத்தளங்களின் செலவு மிச்சம்தானே. கல்லில் செய்த அந்தச் சிக்கனத்தில் வன்னியைப் பற்றி அவர்கள் வைத்திருந்த மதிப்பீடு பதிந்திருக்கிறது.

அந்த மதிப்பீடு எவ்வளவு பிழையானது என்பது வன்னியின் கிழக்குக் கரையில் தெரியவந்தது. 1803 ஆகஸ்ட் 25இல் வன்னியர் தலைவன் பண்டாரவன்னியன் முல்லைத்தீவில் இருந்த கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றினான். அப்போது கோட்டை ஆங்கிலேயர் கையில் இருந்தது. அவர்களுடைய காவற்படை கடல்வழியே யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தது. கோட்டையின் பார்வைக்கோடுகள் துவக்குச் சூட்டின் எல்லையோடு முடிந்துவிடும். அதற்கப்பால் உள்ள காடும் குளமும் வழித்தடமும் வன்னியரின் கண்ணுக்குள் இருந்தன. ஆங்கிலேயர் கோட்டையை மீட்க யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை என்று மூன்று திசைகளிலிருந்து படை அனுப்பவேண்டியிருந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 31இல் கப்டன் வொன் டிரிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்ததாகச் சொல்லும் நினைவுக்கல் கற்சிலைமடுவில் நாட்டப்பட்டது. தோல்வியைக் குறிக்க வைத்த கல்லை வீரத்தின் அடையாளமாக வன்னி மக்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

இதற்கிடையில் பூநகரிக் கோட்டைக்கு வேலை குறைந்துகொண்டே போயிற்று. 18ஆம் நூற்றாண்டின் முடிவோடு காவற்படை போய்விட்டது. 1805இல் ஆங்கிலேயர் உள்ளே ஒரு வாடிவீடு கட்டினார்கள்.

இந்தக் கரையின் பழைய கட்டடங்களை நிறுத்தியிருக்கும் பொருளைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். முருகைக்கல்லும் சுண்ணாம்பும் இரண்டல்ல, ஒரே பொருளின் இரண்டு பிறவிகள். முருகைக்கல் கல்சியம் காபனேற்று. சூளையில் 900 பாகை செல்சியஸ் அளவுக்குச் சுட்டால் காபனீரொட்சைட்டு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீறும். அதை மணலோடு குழைத்துக் கல்லுக்கிடையே வைத்தால், இழந்த காபனீரொட்சைட்டைக் காற்றிலிருந்து ஆண்டுக்கணக்கில் திரும்ப வாங்கி மறுபடி கல்லாகும். தடித்த மதிலின் நடுவில் உள்ள சாந்து இறுக அதிக காலம் எடுக்கும். அதன் பகை உப்பு. பரவைக்கடலின் ஈரம் துளைகளுக்குள் ஏறும், வெயிலில் காயும், உப்புப் பளிங்கு உள்ளேயே வளரும், கல்லை உள்ளிருந்து பிளக்கும்.

உப்பு செய்ததைவிட அதிகமாகப் போர் செய்தது. பரவைக்கடலைக் கடக்கும் வழி ஒல்லாந்தருக்கு எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியமாக நம் காலத்துப் படைகளுக்கும் இருந்தது. 1993 நவம்பரில் பூநகரிப் படைத்தளத்தின் மீது விடுதலைப் புலிகள் பெரும் தாக்குதல் நடத்தினார்கள். 2008 நவம்பரில் இலங்கை இராணுவம் பூநகரியைக் கைப்பற்றியது. அந்த ஆண்டுகளில் வளர்ந்த வன்னிப் பிள்ளைக்கு மண்ணணை, காவலரண் என்ற சொற்களுக்கு அகராதி வேண்டியதில்லை. ஒரு காவலரணின் முன்னால் ஊர்ந்துவருபவரைப் பக்கத்துக் காவலரண் பார்க்கவேண்டும் என்ற விதியில்தான் அவையும் வரிசையாக நின்றன. கல் மண்ணானது, துவக்கு வேறு துவக்கானது. மூலையும் பார்வைக்கோடும் மாறவில்லை. இந்தக் கணிதத்தைப் புத்தகத்தில் படிக்காமல் உடம்பால் படிக்கவேண்டியிருந்த ஒரு தலைமுறை அங்கே இருக்கிறது என்பதை மறந்து இந்த அத்தியாயத்தை என்னால் எழுத முடியாது.

பூநகரிக்குப் போகிறவர்கள் ஒரு பரிசோதனை செய்து பார்க்கலாம். மதில்மேல் ஏறவேண்டாம், பழங்கல் பொடிந்துவிடும். தரையிலேயே போதும். மூன்று பேராகப் போங்கள். இருவர் கொத்தளம் உள்ள இரண்டு மூலைகளின் வெளிப்புறத்தில், மதிலுக்கு அருகே நில்லுங்கள். மூன்றாமவர் கையால் மதிலைத் தடவிக்கொண்டு கோட்டையைச் சுற்றி நடக்கட்டும். அவர் தெரிகிற நேரமெல்லாம் கையை உயர்த்துங்கள். மதிலின் நடுவில் அவர் போகும்போது ஒரு கை உயரும். வெறும் மூலையைத் திரும்பும்போது இரண்டு கைகள் ஒருசேர உயரும். பிறகு அவர் ஒரு கொத்தளத்தின் முகத்துக்கு முன்னால் வருவார். அங்கே நிற்பவர் ஒரு நிமிடம் கொத்தளத்துக்குப் பின்னால் விலகி நிற்கட்டும். எதிர்மூலையில் இருப்பவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள், ஆள் தெரிகிறதா என்று.